சிறு விமானத்துக்கு ஏற்ற எஞ்சின் எது?

தம் கையாலேயே சிறு விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்க விழைவோர் உலகின் பல பகுதிகளிலும் உளர். மரச்சட்டமும் துணியும் கொண்டு உடலையும் இறக்கைகளையும் ஒருவர் தாமே அமைத்துவிடலாம். எஞ்சினையோ பெரும்பாலும் தேர்ந்தே பெறவேண்டும். அத்தேர்வில் கருத வேண்டியவை யாவை என்று நாம் ஆராய்வோம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்டு பீட்டன்பால், 1929-இல் ஃபோர்டு ‘மாடல் ஏ’ மோட்டார் காரின் எஞ்சினைத் தம் ‘ஏர் கேம்ப்பர்’ விமானத்தில் பொருத்திப் பறந்து காட்டினார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத் திறனே, எடையோ மிகுதி. எனினும் அது வெற்றி பெற்றது. காரணம் என்ன?

அகன்ற சுழல்விசிறி மெதுவாகச் சுழலும்போதே திறம்பட இழுக்கும். விசிறியின் முனை ஒலியின் வேகத்தை நெருங்கினால் ஆற்றல் வீணாகி இரைச்சலே மிகும். ஃபோர்டு எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நல்ல முறுக்குவிசை தந்தமையால் விசிறியை அதன் தண்டிலேயே நேராகப் பூட்ட இயன்றது. 80 குதிரைத் திறனுள்ள ‘ரோட்டாக்ஸ் 912’ எஞ்சினோ நிமிடத்துக்கு 5,800 முறை சுழல்வது. ஆதலால் அதில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி சேர்க்கப்பட்டுள்ளது.

அடுத்தது எடை. எஞ்சின் கனத்தால் மூக்கு தாழும். அளவுக்கு மீறி இலேசானால் வால் கனத்து, விமானம் கட்டுக்கு அடங்காது போகும். ஆகவே வரைபடம் வகுத்தவர் குறித்த எடை வரம்பை மீறலாகாது.

இடத்தின் உயரமும் கருதத்தக்கது. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலேயுள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே சாதாரண எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும். கோடை வெப்பத்தில் இழப்பு இன்னும் மிகும்.

யாவற்றினும் தலையாயது நம்பகம். காரின் எஞ்சின் முழு ஆற்றலுடன் உழைக்கும் நேரம் சிறிது; விமான எஞ்சினோ தன் ஆற்றலில் பெரும்பகுதியை மணிக்கணக்கில் ஓயாது தரவேண்டும். இதுபற்றியே விமான எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகளும், தனித்தனியே இயங்கும் இரண்டு மின்பொறி அமைப்புகளும் வைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும்.

காரின் எஞ்சின் நின்றால் வண்டியைச் சாலையோரம் நிறுத்தலாம். தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் விமான எஞ்சின் நின்றாலோ, எதிரே தென்படும் நிலத்தில் இறங்குவதன்றி வேறு வழி அரிது. ஆதலின் விலை மலிவையும் குதிரைத் திறனையும் மட்டும் எண்ணாது, வேகம், எடை, நம்பகம் மூன்றையும் ஒருங்கே சீர்தூக்குவோமாக. நம் நாட்டில் இத்தகைய விமானம் பறப்பதற்கு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதிருப்போம்.