கரண்டிக் காம்பில் பிறந்த வருஷம்

பழைய வெள்ளிச் சாமான் சேகரிப்பவர்கள் ஒரு கரண்டியைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் செய்ததென்றால், காம்பின் பின்பக்கம் பொடிப்பொடியாகச் சில முத்திரைகள் இருக்கும்.

ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங்: ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காமை. செய்த பட்டறையின் முதலெழுத்துகளும் இருக்கும். எல்லாவற்றிலும் சுவையானது தனியாக நிற்கும் ஓர் எழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற இந்த வழக்கம் லண்டனில் 1478-லேயே வந்துவிட்டது. அகரவரிசை முடிந்து மறுபடி தொடங்கும்போது எழுத்தின் வடிவமோ, அதைச் சுற்றிய கட்டமோ மாறும். பட்டியலோடு ஒப்பிட்டால் கரண்டி பிறந்த வருஷமே தெரிந்துவிடும். அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால், அது பெரும்பாலும் 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி கட்டிய பொருள்.

'இ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் அது வெறும் வெள்ளி முலாம்.

பாட்டி காலத்து வெள்ளி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விபூதியோ பல்பொடியோ போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், முத்திரை மழுங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.