கொப்புளத்தின் மேல் பெயின்ட் பூசலாமா?

முகத்தில் கொப்புளம் எழும்பினால் பவுடர் பூசி மறைத்துவிடலாம். ஆனால் நோய் மறையுமா? வீட்டுக் காரிலோ வேனிலோ பெயின்ட் கொப்புளிக்கும்போது நம்மில் பலர் செய்வது இந்தப் பவுடர் வேலையைத்தான். பெருநாளைக்கு முன் அவசரமாக ஒரு பூச்சு! அடுத்த மாரி முடிவதற்குள் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம். இம்முறை இன்னும் பெரிதாக!

"இது ஆண்கள் விடயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! கணவர் வெளிநாட்டில் உழைக்க, வண்டியைக் கராஜில் விட்டுப் பணம் எண்ணிக் கொடுப்பவர்கள் பல வீடுகளில் பெண்கள்தாம். அத்துடன், இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கையிலுள்ள வண்டியைக் காப்பதும் ஒரு சேமிப்பே.

வன்னிக்கு இது புதிய பாடமல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிவிட்டபோது, பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் சிறிது பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. உள்ளதைத் திருத்தி ஓட்டுவதே அன்று வழியாக இருந்தது.

கொப்புளம் எப்படி வருகிறது?

முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கிறதல்லவா? வற்றலின் தோல் வழியே தண்ணீர் உள்ளே இருக்கும் இனிப்பைத் தேடிச் செல்கிறது. பெயின்டும் அப்படித்தான். பார்வைக்குத் தண்ணீர் புகாதது போலிருந்தாலும் ஈரம் மெல்ல மெல்ல உட்செல்லும். அடியில் உப்பு இருந்தால் ஈரம் அங்கே சேர்ந்து பெயின்டைத் தூக்கிவிடும்.

உப்பு எங்கிருந்து வந்தது? முல்லைத்தீவில் கடற்காற்றே போதும். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் பாருங்கள்! அந்த நீரால் தகட்டைத் தேய்த்து, நன்றாகத் துடைக்காமல் பெயின்ட் அடித்தால் அந்தப் படிவு அடியிலேயே தங்கிவிடும். வியர்த்த கை பட்டாலும் உப்புத்தான்.

ஊசி சொல்லும் உண்மை

ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்துங்கள். எப்படியும் உரிக்கவேண்டிய இடம்தானே!

தெளிந்த நீர் வந்தால், ஈரமும் உப்பும் காரணம். செந்நிற நீரோ தூளோ வந்தால் துரு. கதவின் அடிவிளிம்பிலும் மட்கார்ட் வளைவிலும் வந்தால் பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே துரு தின்றுகொண்டு வருகிறது. ஒன்றும் வராமல் காய்ந்திருந்தால், எண்ணெய்ப் பசை போகாமலோ, முதல் பூச்சுக் காயுமுன் அடுத்ததை அடித்ததாலோ பெயின்ட் ஒட்டவில்லை என்று கொள்ளலாம்.

கராஜில் என்ன கேட்கவேண்டும்?

"பாஸ், தகடு பளபளவென்று தெரியும்வரை தேய்ப்பீர்களா?" இதுதான் முதற் கேள்வி. துருவின் மேல் எந்தப் பெயின்டும் நிலைக்காது. தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். பட்டி வைத்து அடைப்பது பயனற்றது. பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள்.

தேய்த்த தகட்டைத் தின்னரால் துடைத்து, தாமதிக்காமல் எபொக்சி பிரைமர் அடிக்கவேண்டும். பட்டி, மேற்பூச்சு எல்லாம் அதன் பிறகே. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காயவேண்டும். கொம்பிரசரில் தேங்கும் தண்ணீரையும் வடித்திருக்கவேண்டும். மழை நாளில் வேலையை ஒத்திப்போடுவதே நல்லது.

ஓர் எச்சரிக்கை! பழைய கார்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்க்கும் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எனவே பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

நீங்களே செய்யக்கூடியவை

கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. செம்மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கித் துரு பிடிக்கும். மாரிக்கு முன் ஓர் ஈர்க்கால் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள். கடலோரம் போய்வந்தால் வண்டியின் அடிப்புறத்தையும் கழுவுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது, மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை இரும்புத் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தடித்த பட்டி இருக்கலாம். பிளாஸ்டிக், அலுமினியப் பாகங்களில் இந்தச் சோதனை செல்லாது.

பட்டாணி அளவுக் கொப்புளமாக இருக்கும்போதே கவனித்தால் செலவு சிறிது. மூடி மறைத்தால் நாளை முழுக் கதவையே மாற்றவேண்டி வரும். ஆகவே சகோதரிகளே, பெயின்டுக்குப் பணம் கொடுக்குமுன் கொப்புளத்தின் காரணத்தைக் கேட்டறியுங்கள்!