பத்துக்குப் பத்துப் பொருத்தம்



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாய் தொலைபேசியில் கேட்டார்: "மகனுக்கும் எனக்கும் ஓ பொசிற்றிவ்தானே தம்பி. பிறகேன் என்ர எலும்பு மச்சை முழுசாப் பொருந்தாது எண்டு சொல்லுகினம்?" மகனுக்கு இரத்தப் புற்றுநோய். நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

இதில் இரத்த வகை பெரிய விடயமில்லை. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் இரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடும். பார்ப்பது எச்.எல்.ஏ என்ற திசு அடையாளங்களை. ஐந்து இடங்களில் இரண்டிரண்டாகப் பத்துப் பொருத்தம். அவற்றில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகின்றன. ஆகவே பெற்றவர் பொதுவாகப் பாதிதான் பொருந்துவார். கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நூற்றுக்கு 25 வாய்ப்பு. இரண்டு சகோதரம் இருந்தால் 44, நான்கு என்றால் 68, ஏழு என்றால் 87. ஊரில் எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டின் கணக்கு அது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு சகோதரம், 25தான்.

பெரியவர்களுக்கோ சகோதரங்கள் ரொறன்ரோவிலும் வவுனியாவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். சிலர் போரோடு போய்விட்டார்கள். "எத்தனை சகோதரங்கள்?" என்று வைத்தியர் கேட்கும்போது எங்கள் சனம் தடுமாறுவது இதனால் மட்டுமல்ல. வந்த காலத்தில் பதிவில் ஒரு உறவும் வீட்டில் இன்னொரு உறவுமாக இருந்தவர்கள் உண்டு. தயவுசெய்து வைத்தியரிடம் இரத்த உறவை உள்ளபடி சொல்லுங்கள். சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவு அவரது வாயைக் கட்டியிருக்கிறது. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பமென்றால் அதையும் சொல்லுங்கள். மச்சான் மச்சாளிலும் பொருத்தம் கிடைக்கக்கூடும்.

வீட்டுக்குள் இல்லையென்றால் வெளியில் தேடுவார்கள். உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்ட கொடையாளிகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த அடையாளங்கள் பரம்பரையோடு வருபவை. பதிந்தவர்களிலோ ஐரோப்பிய வம்சத்தவரே அதிகம். சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற பதிவேடுகள் எங்களுக்கு முக்கியமாவது இதனால்தான். தொப்புள்கொடி இரத்தமும் ஒரு வழி, ஆனால் வளர்ந்த ஆளுக்கு அதிலுள்ள அணுக்கள் பெரும்பாலும் போதாது.

சாதகத்தில் பொருத்தம் குறைந்தால் பரிகாரம் சொல்வார்கள். இங்கே அப்படியொன்று நெடுங்காலம் சரியாக அமையவில்லை. பிறகு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள், அணுக்களைச் செலுத்தி மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோபொஸ்பமைட் மருந்தைக் கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்று பாதிப் பொருத்தமுள்ள தாயும் தகப்பனும் பிள்ளையும் கொடுக்கலாம். நோய் காத்திருக்காது என்றால், மாதக்கணக்கில் தேடுவதைவிட பக்கத்திலிருக்கும் பாதி சிலவேளை மேல். கொடுப்பவரின் வயதும் கணக்கில் வரும்: அறுபது வயது அண்ணனா, இருபத்தைந்து வயது அந்நியரா என்பதை வைத்தியர்தான் எடைபோடுவார்.

அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். "அப்ப நானும் குடுக்கலாமோ?" என்றார். "அதை டொக்ரரிட்டத்தான் கேளுங்கோ அக்கா" என்றேன்.

பேர்ணில் இயங்கும் சுவிஸ் பதிவேட்டில் 18 முதல் 40 வயதுக்குள் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைத் துடைக்கும் பஞ்சுக்குச்சியைத் தபாலில் அனுப்புவார்கள். பணம் கிடையாது, பெயரும் வெளிவராது. பொருந்தி அழைப்பு வந்தால், பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டுக் கை நரம்பிலிருந்து எடுப்பார்கள். சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து மயக்கத்தில் எடுப்பதுண்டு. முதுகெலும்பைத் தொடுவதில்லை.

எனக்கு வயது கடந்துவிட்டது. மகள் பதிந்துவிட்டாள்; மகன் இன்னும் "பாப்பம்" என்கிறான்.