பெரும்பெயர்களும் களைத்த செவியும்

திருவண்ணாமலை இரமணாசிரமத்தைச் சூழ்ந்த செங்கம் சாலைத் தேநீர்க் கடைகளில், மார்கழி பிறந்துவிட்டால் அயல்நாட்டு விருந்தினரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு: 'சன்பர்ன்' மின்னணு இசைவிழாவின் இவ்வாண்டுக் கலைஞர் வரிசை தரமானதா? ஒருவர் தலைமைக் கலைஞரின் புகழை அடுக்குவார். மற்றவர் எல்லாம் ஒரே இடி முழக்கம் என்பார். 2007-இல் கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் அவ்விழா தொடங்கியது முதல் இப்பூசல் ஓய்ந்தபாடில்லை. இரு சாராரும் சுவரொட்டியை ஆராய்கின்றனர், செவியை ஆராய்வாரில்லை.

மேடைக்கு அருகே ஒலிமட்டம் 100 டெசிபலை எளிதில் எட்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2022-இல் வகுத்த நெறியும் நிகழ்விடச் சராசரிக்கு அதையே உச்ச வரம்பாக வைத்தது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளரின் அளவுகோல் இன்னும் கடியது: 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், மூன்று டெசிபல் ஏறுந்தோறும் அதிற் பாதி. அக்கணக்கின்படி 100 டெசிபலுக்கு ஒரு நாளின் ஒதுக்கீடு கால் மணி நேரமே. அதனைக் கடந்தால் உட்செவியின் மயிர்க்கலங்கள் களைத்துப்போகின்றன. அதனால் நேரும் கேட்புத்திறன் இழப்பு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வுகளிலேயே மிகுதி. ஒலியின் கூர்மையும், ஒரு கருவியை மற்றொன்றினின்று பிரித்தறியும் நுட்பமும் அங்கேதான் பெரிதும் உறைகின்றன. அடிமுரசின் தாழ்ந்த அதிர்வையோ மார்புக்கூடும் சேர்ந்து வாங்கிக்கொள்வதால் அது மட்டும் குன்றாது நிற்கிறது. ஆகவே, 'ஒரே இடி' என்பது ஓரளவு செவியே புனைந்த தீர்ப்பு. முழுப் பழியும் செவிக்கன்று. நிமிடத்திற்கு 128 தட்டு என ஒரே விரைவில் ஐவரை அடுத்தடுத்து நிறுத்தும் அமைப்பாளருக்கும் அதில் நல்ல பங்குண்டு.

அரியக்குடி இராமானுச ஐயங்கார் நிலைநாட்டிய கச்சேரி முறையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வர்ணத்தில் தொடங்கி, சிறு உருப்படிகளால் செவியைப் பதப்படுத்தி, கனமான இராகத்தை நடுவில் வைத்து, துக்கடாக்களால் இளக்கி முடிப்பது அம்முறை. மின்னணு விழாவோ தன் பெருஞ்சுமையை இறுதியில் ஏற்றுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுப்பதால், நண்பகல் கடந்ததும் முழக்கம் தொடங்கிவிடுகிறது. பல்லாயிரம் உருவா கொடுத்துக் கேட்க வந்த பெரும்பெயரை, கூட்டம் பாதி மரத்த செவியோடு கேட்கிறது.

சுவரொட்டியின் அடியிலுள்ள சிற்றெழுத்துப் பெயர்களே களைக்காத செவியைப் பெறுகின்றன. சிறு பெயரில் பெருந்தரம் ஒளிந்திருப்பதும் உண்டு: இசைக்கலைஞர் சரண்சித் சிங் 1982-இல் பத்து இராகங்களை மின்னணுத் தாளத்தில் அமைத்து இசைத்தட்டாக்கியபோது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வந்தபின் உலகம் வியந்தது. வரிசையின் தரத்தை அளக்க விரும்புவோர் பிற்பகல் மூன்று மணிக்கே மேடைமுன் சென்று நிற்கட்டும்.