குழந்தை உணவுப் பையும் பழைய பாலாடையும்

குழந்தைக்கு உணவூட்டும் கலம் காலந்தோறும் வடிவம் மாறி வந்திருக்கிறது. நம் பாட்டிமார் கையில் சங்கும் பாலாடையும் இருந்தன. அம்மாக்கள் கையில் புட்டி வந்தது. இன்றைய இளந்தாய்மார் கையில் இருப்பதோ, ஒரு பக்கம் மூக்கும் மூடியும், மறுபக்கம் திறந்து மூடும் வாயும் கொண்ட சிறு பை. குழைத்த பழத்தையோ கஞ்சியையோ வீட்டிலேயே அதில் நிரப்பி, தாஸ்காவுக்குக் கொடுத்தனுப்பி, மாலையில் கழுவி, மறுநாளும் பயன்படுத்துகின்றனர். இத்தகைய பையை எங்ஙனம் தேர்ந்து வாங்குவது, எங்ஙனம் கழுவுவது, எந்த அளவோடு நிறுத்துவது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது என் பேத்தியின் பையே. பதினான்கு மாதக் குழந்தை. இரண்டு நாள் வயிற்றோட்டம் கண்டபோது மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எதில் ஊட்டுகிறீர்கள்?" என்பதாகும். மகள் பையை எடுத்துக் காட்டினாள். நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பைதான். பார்வைக்குத் தூய்மையாகவே இருந்தது. ஆயினும் ஜிப்பின் ஓரத்தை விரலால் பிதுக்கியபோது, மூலையில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நோய்க்கு அதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால், கழுவிய பாத்திரம் வேறு, தூய பாத்திரம் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கடைக்காரர் இதனைப் 'பௌச்' என்பர். தமிழில் 'உறிஞ்சுபை' எனலாம் என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கூறினார். நான் 'பிதுக்குபை' என்பதையே விரும்புகிறேன். குழந்தை உறிஞ்சுவதற்கன்றித் தாய் கரண்டியில் பிதுக்கி ஊட்டுவதற்கே இது பெரிதும் பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. அதன் காரணம் பின்னர் விளங்கும். பையின் நீர்மூக்கைக் குறிக்க நம்மிடம் கெண்டி என்னும் பழைய கலத்தின் நினைவு உண்டு. மலாய் மொழியிலும் அச்சொல் அக்கலத்தின் பெயராகவே வழங்குகிறது. ஆகவே, மூக்கு வைத்த கலம் நமக்குப் புதிதன்று. அது துணிபோல் மடங்குவதே புதிது.

மூக்குப்பையில் அடைத்த குழந்தை உணவு 2000-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெருகிப் பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஆலையில் அடைத்து வரும் பை பெரும்பாலும் பல வகைப் பிளாஸ்டிக் ஏடுகளும், சிலவற்றில் அலுமினிய ஏடும் ஒட்டிச் செய்யப்படுவது. ஏடுகளைப் பிரிக்க இயலாமையால் அதனை மறுசுழற்சி செய்தல் அரிது. ஒரு வேளை உணவுக்கு ஒரு பை குப்பைக்குப் போகும். உள்ளே இருப்பதும் நம் கண்காணிப்பில் இல்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் கலந்த கூழ்ப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. எக்குவடோரில் செய்யப்பட்ட அக்கூழில் சேர்த்த பட்டைத் தூளில் ஈயம் மிகுந்திருந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் அது ஏறியிருந்தது. இச்செய்திக்குப் பின் வீட்டில் குழைத்து வீட்டுப் பையில் நிரப்பலாம் என எண்ணிய தாய்மாரை யார் குறை கூற முடியும்? பலமுறை பயன்படும் பையின் நியாயம் இதுவே.

ஆனால், பலமுறை பயன்படும் கலத்துக்கு ஒரு பழைய பகை உண்டு. அதுதான் விரல் புகாத மூலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பால் புட்டி பெரும் புகழ் பெற்றிருந்தது. தட்டையான கண்ணாடிப் புட்டி. அதிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய். அதன் நுனியில் காம்பு. குழந்தை படுத்தபடியே தானே குடிக்கும். தாய் தன் வேலையைப் பார்க்கலாம். வசதியென்றால் அப்படியொரு வசதி! ஆனால், குழாயின் உட்புறத்தைத் துலக்க வழியில்லை. பால் அங்கே தங்கிப் புளித்துக் கிருமிகளுக்கு வளமான நிலமாயிற்று. மாண்ட குழந்தைகள் பல. மக்களே அதற்குக் 'கொலைகாரப் புட்டி' என்று பெயரிட்டனர். பிரான்சு நாடு 1910-இல் குழாய்ப் புட்டியைச் சட்டத்தால் தடை செய்தது.

இதற்கு நேர்மாறானது நம் பாலாடை. காய்ச்சிய பாலின்மேற் படியும் ஏட்டுக்கும் அதே பெயர்தான். நான் கூறுவது குழந்தைக்குப் பால் புகட்டும் கலத்தை. அகன்ற வாய், ஆழமில்லாத குழி, ஒரு பக்கம் நீண்ட மூக்கு. அந்த மூக்குங்கூட மேலே திறந்த வாய்க்காலேயன்றி மூடிய குழாய் அன்று. விரலை ஒருமுறை ஓட்டினால் முழுப் பாத்திரமும் தூய்மையாகிவிடும். கொதிநீரில் இட்டு எடுக்கலாம். வெயிலில் கவிழ்த்தால் நொடியில் உலரும். முலைக்காம்பைப் பற்றிக் குடிக்க வலிமையில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையால் தாய்ப்பால் புகட்டுகின்றனர் எனில், பழைமைப் பற்றினால் அன்று; துலக்க எளிது என்பதாலேயே.

பிதுக்குபை வாங்கச் செல்லும்போது பாலாடையை நினைவிற்கொண்டு இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். முதலாவது, பையின் வாயைத் திறந்து உங்கள் கையை உள்ளே விடுங்கள். நான்கு மூலைகளையும் விரல் நுனி தொட வேண்டும். இரண்டாவது, பையை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிப் பாருங்கள். புரளாத பை வேண்டா. படமும் நிறமும் எவ்வளவு அழகாயினும் ஆகுக.

இன்று கடைகளில் கிடைப்பன பெரும்பாலும் இரு வகை. ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டாலான ஜிப்புப் பை. விலை குறைவு, எடையில்லை, பையிற் செருகி எடுத்துச் செல்லலாம். ஜிப்பு அடிப்புறத்தில் இருந்தால் நிரப்புவது எளிது. ஆனால் கீழே விழுந்தால் திறந்து கொள்ளக்கூடும். பக்கவாட்டில் இருந்தால் ஒழுகுவது குறைவு. எங்கிருப்பினும் ஜிப்பின் இரு பற்களுக்கிடையே உள்ள பள்ளமும், பை நிற்பதற்காக அடியில் வைத்த மடிப்புமே அழுக்கு ஒளியும் இடங்கள். என் பேத்தியின் பையில் பூஞ்சணம் கண்டதும் அங்கேதான். இவ்வகைப் பைகளுள் பல கொதிநீரைத் தாங்கா. வாங்குமுன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தல் வேண்டும்.

மற்றொன்று சிலிகோன் பை. தடித்தது, விலை மிகுந்தது. ஆனால் வாய் அகன்றது, முற்றும் புரளக்கூடியது, கொதிநீரில் இடத் தக்கது. இதற்கும் ஒரு குறை உண்டு. நம் சமையலறையில் அது பெருங் குறை. சிலிகோன் எண்ணெயையும் மணத்தையும் பற்றிக் கொள்ளும். மஞ்சள் இட்ட பருப்பை ஒரு நாள் நிரப்பினால் பை மஞ்சளாகவே நிற்கும். மீன் கலந்த கஞ்சியின் வாடை மறுநாள் வாழைப்பழத்தில் வீசும். மணமுள்ள சவர்க்காரத்தின் வாசனையைக்கூட அது விடாது. இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் சிலிகோனே நன்று என்பது என் முடிவு.

மூடியையும் பார்த்தல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுள் முழுதும் அடங்கும் துண்டு தொண்டையை அடைக்கக்கூடியது எனக் கொள்ளப்படும். குட்டி மூடி அக்குழலுள் எளிதாக விழும். அகன்று, காற்றுப் போகத் துளைகள் வைத்த மூடியே தக்கது. எவ்வகை மூடியாயினும் குழந்தை கையில் தனியே கொடுத்தலாகாது.

இனி, உள்ளே இடுவது. இங்கேதான் ஆசிரியர்களும் பெற்றோரும் சற்று நின்று எண்ண வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் தாய்ப்பாலோடு பிற உணவும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தப் பிற உணவு கரண்டியிலிருந்து வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பர். காரணம் எளிய கணக்கு. குழந்தையின் இரைப்பை அதன் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம்தான் கொள்ளும். எட்டுக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 கிராம். அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? பையின் மூக்கோ ஒரு சுண்டுவிரல் அகலம். கெட்டிக் கஞ்சி அதில் ஏறாது. ஆகவே தாய் நீர் ஊற்றுகிறாள். மறுநாள் இன்னும் சற்று ஊற்றுகிறாள். பை நிறைகிறது, குழந்தையும் குடித்து முடிக்கிறது, எடை மட்டும் ஏறவில்லை. பையின் மூக்கு உணவின் பதத்தை ஆளத் தொடங்கிவிடுகிறது.

கலம் வசதியாக இருப்பதைக் கண்டு உள்ளிருப்பதை மறந்த கதை இம்மண்ணிலேயே நடந்ததுண்டு. குவாஷியோர்க்கர் என்னும் சத்துக்குறை நோயை மருத்துவ உலகுக்கு 1933-இல் எடுத்துக்காட்டிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் 1936-இல் மலாயா வந்தார். இங்கே இனிப்பிட்ட டின் பாலைக் குழந்தைக்கு நல்லுணவு எனத் தாய்மாரிடம் விற்பதையும், அதனால் சிசுக்கள் மெலிந்து மடிவதையும் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் பேசியது இன்றும் மருத்துவ வரலாற்றில் நினைக்கப்படுகிறது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற குழந்தையும் டின் பாலும் நம் தோட்டத்துப் பழைய தலைமுறைக்குப் புதிய செய்தி அல்ல. அன்றைய தாய்க்கு வேறு வழி இல்லை. இன்றைய தாய்க்கு ஓரளவு உண்டு. ஆதலாலேயே இதனை எழுதுகிறேன்.

உறிஞ்சுவது பற்றிச் சொல்வதாகக் கூறினேன். ஒரு வயதுக் குழந்தை கற்க வேண்டியது மெல்லுதல். நாவால் உணவைப் பக்கப் பற்களுக்குத் தள்ளுதல். விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோதல். பை இவற்றுள் எதையும் கேட்பதில்லை. கையும் அழுக்காவதில்லை, தாய்க்கு அது பெரிய நிம்மதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம் இலக்கியம் அந்த அழுக்கையே கொண்டாடியது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டில் வரும் குழந்தை நெய்ச்சோற்றைக் கையால் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அக்காட்சி இல்லாத செல்வர் வாழ்வு பயனற்றது என்கிறான் அரசன். வள்ளுவரும் மக்கட்பேற்றில் குழந்தை கைவிட்டுக் கலக்கிய கூழை அமுதத்துக்கு மேல் வைத்தார். வகுப்பில் இவற்றை உருக்கமாக நடத்திவிட்டு வீட்டில் குழந்தையின் கையைக் கட்டிப்போடுவது ஆசிரியருக்கு அழகன்று. பயணத்திலும் தாஸ்காவிலும் ஒரு வேளை பை இருக்கட்டும். வீட்டு வேளைகளில் தட்டும் கையுமே இருக்கட்டும். தாஸ்காவிலுங்கூடப் பையிலிருந்து கரண்டியில் பிதுக்கி ஊட்டுமாறு கேட்டுக்கொள்ளலாம்.

கரண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை வாய் வைத்து உறிஞ்சிய பையினுள் எச்சில் திரும்பிச் செல்லும். எச்சிலில் மாவுப்பொருளைக் கரைக்கும் நொதி இருப்பதால், மீந்த கஞ்சி சற்று நேரத்தில் நீர்த்துப்போவதைக் கண்ணாலேயே காணலாம். அதனோடு வாய்க் கிருமிகளும் சேரும். ஆதலின், வாய் வைத்த பையில் மீந்ததை எறிந்துவிடுதலே முறை. கரண்டியில் பிதுக்கினால் மீதி எச்சிற்படாது. ஆயினும் நம் நாட்டு வெப்பத்தில் சமைத்த உணவு வெளியே கிடக்கலாகாது. வெப்பநிலை 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடேற்றினாலும் அழியாது. காலை ஐந்து மணிக்கு நிரப்பிய கஞ்சிப் பை பத்து மணி வரை தொட்டிலருகே தொங்குவது எவ்வளவு தீங்கு என்பதை இதனால் அறியலாம். பனிக்கட்டிப் பொதியோடு அனுப்பி, தாஸ்காவில் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுதல் வேண்டும். தேன் மட்டும் ஒரு வயதுக்குமுன் எதிலும் கலத்தலாகாது.

உறைய வைப்பவர்கள் பையை விளிம்பு வரை நிரப்ப வேண்டா. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும், ஜிப்பு பிளந்துவிடும். சூடாக்குவதற்கு வெந்நீர்ச் சட்டியில் பையை நிறுத்தினால் போதும். மைக்ரோவேவ் அடுப்பில் ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்திருக்கும். குழந்தையின் நாக்கு அதைக் கண்டுபிடிக்க நேரும்.

கழுவும் முறை இது. உணவு காயுமுன் முதலில் குளிர்ந்த நீரால் அலசி, பின் புரட்டிச் சவர்க்கார வெந்நீரில் தேய்த்து, மூக்குக்கென்று ஒரு சிறு தூரிகையை ஓட்ட வேண்டும். ஜிப்புப் பையானால் பழைய மென்பல் தூரிகையொன்றை இதற்கென்றே ஒதுக்கிப் பள்ளத்தில் தேய்க்கலாம். இதனினும் முக்கியமானது உலர்த்துதல். ஈரத்தோடு ஜிப்பை மூடிவைத்தால் இவ்வூர் ஈரக் காற்றில் இரண்டே நாளில் பூஞ்சணம் பூக்கும். ஒரு நீள் குவளையின்மேல் பையைக் கவிழ்த்து, வாய் விரிந்திருக்குமாறு விட்டுவிட வேண்டும். என் மகள் இப்போது மூன்று சிலிகோன் பைகள் வைத்திருக்கிறாள். ஒன்று தாஸ்காவில், ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று சன்னலோரக் குவளையின்மேல். மஞ்சட் கறை பற்றி முதலில் வருந்தினாள். ஒரு நாள் பகல் முழுதும் வெயிலில் கிடந்த பையை எடுத்துப் பார்த்தபோது கறை பாதிக்குமேல் வெளுத்திருந்தது.