கடவுச்சொல் மறந்த பிள்ளை: இணையவழிக் கற்றல் தளங்களின் முதல் மூன்று வாரங்கள்

கல்வியாண்டு தொடங்கிய இரண்டாவது நாள் இரவு அக்காவின் மகள் அழைப்பெடுத்தாள். தரம் 6 இற்குப் புதிய பாடசாலையில் சேர்ந்தவள். “சித்தி, பாஸ்வேர்ட் பிழை எண்டு வருது. ரீச்சர் தந்த வேலை அதுக்குள்ளதான் இருக்காம். நாளைக்குக் காட்டோணும்.”

ஒரு மணி நேரம் முயன்றோம். ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்ற இணைப்பை அழுத்தினால் மீட்டெடுக்கும் கடிதம் ஒரு மின்னஞ்சலுக்குப் போனது. அது கணக்குத் திறக்கும்போது படிவத்தை நிரப்புவதற்காகப் பாடசாலையில் யாரோ உருவாக்கிய முகவரி. அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை. மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டபோது அதை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். அதிகாரம் வைத்திருந்த தகவல் தொழினுட்ப ஆசிரியர் வருடாந்த இடமாற்றத்தில் வேறு வலயத்துக்குப் போய்விட்டார். பிள்ளை உள்ளே நுழைய ஒன்பது நாட்கள் எடுத்தன. அதுவரை தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதினாள்.

அவளுக்கு நாலு பேரிடம் பேசிக் கேட்க ஒரு சித்தி இருந்தாள். அப்படி எவரும் இல்லாத பிள்ளை ஒன்பதாம் நாளுக்குப் பிறகு என்ன செய்யும்? பெரும்பாலும் எதுவும் செய்யாது. முறைப்பாடு செய்யாது, அழாது. மெல்ல ஒதுங்கிவிடும். இணையவழிக் கற்றல் பற்றிப் பேசும்போது கோபுரங்களையும் டேட்டா விலையையும் பற்றிப் பேசுகிறோம். அவை முக்கியமானவைதான். ஆனால், தளம் ஒன்று ஓராண்டு முழுவதும் பயன்படுமா இல்லையா என்பதை முதல் மூன்று வாரங்களில் நடக்கும் சலிப்பூட்டும் வேலைகளே தீர்மானிக்கின்றன. பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பது, கணக்குத் திறப்பது, கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது, அழைப்பு வந்தால் பதில் சொல்வது ஆகியவையே அந்த வேலைகள். நமது பாடசாலைகளில் இவை யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

தளம் இருந்தது, ஆட்கள் இல்லை

2020 மார்ச் மாதம் கொவிட்-19 பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சிடம் ஏற்கனவே ஒரு தளம் இருந்தது. ஈ-தக்சலாவ என்ற அந்தத் தளத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. டேட்டா கட்டணமின்றி அதனைப் பார்ப்பதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. நேத்ரா தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ நிகழ்ச்சியின் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாகின.

பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். ஆனால், ஒரு வித்தியாசம் இருந்தது. அவற்றுக்குப் பின்னால் லேர்ன் என்றழைக்கப்படும் இலங்கைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி வலையமைப்பு இருந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கணினிப் பிரிவு ஒன்றும் அதில் சம்பளம் பெறும் பணியாளர்களும் இருந்தனர். கணக்கு முடங்கினால் யாரிடம் போவது என்று மாணவருக்குத் தெரியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

இதன் பொருள் என்னவென்று 2021 இல் தெளிவாகத் தெரிந்தது. சம்பள முரண்பாடு, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம், சங்கத் தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டமை ஆகியவற்றை எதிர்த்து ஜூலை 12 ஆம் திகதி முதல் ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. அந்தப் போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. அந்த மாதங்களில் தளத்தின் பாடங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால், கற்றல் நின்றுபோனது. சொந்தக் காசில் டேட்டா போட்டு, சொந்தக் கைபேசியில் இரவு பத்து மணிக்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர்கள்தான் உண்மையான தளம் என்பது அவர்கள் விலகியபோதுதான் பலருக்குப் புரிந்தது.

முதல் வாரத்தில் என்ன நடக்கிறது?

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்தும் மூடில் என்ற மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டுஜியாமஸ் உருவாக்கி 2002 இல் வெளியிட்ட இலவச, திறந்த மூல மென்பொருள் அது. இதுபோன்ற எந்தத் தளத்திலும் ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். புதிய மாணவர்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டும். பழைய மாணவர்களை அடுத்த தரத்துக்கு நகர்த்த வேண்டும். ஒவ்வொருவரையும் உரிய பாடத்திலும் பிரிவிலும் சேர்க்க வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே செய்ய முடியாது என்பதால் எக்செல் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மொத்தமாகப் பதிவேற்றுவார்கள். பிரச்சினைகள் தொடங்குவது இங்கேதான்.

முதலாவது, எழுத்துரு. பாடசாலை அலுவலகங்களில் பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி யூனிகோட் அல்ல. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அப்படியே பதிவேற்றினால் பிள்ளையின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது, பெயர். ஒரே பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் வரவு இடாப்பில் ஒரு விதமாகவும் தகப்பனின் முதலெழுத்தோடு இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். பெயரைப் பயனர் பெயராக வைத்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு கணக்குகள் உருவாகும். ஒன்றில் வேலையை ஒப்படைத்துவிட்டு மற்றதில் புள்ளி வரவில்லையே என்று பிள்ளை காத்திருக்கும். மாறாத ஒன்றான அனுமதி இலக்கத்தையே பயனர் பெயராக வைப்பது பாதுகாப்பானது. அதிலும் ஒரு பொறி உண்டு. 00457 என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னிருக்கும் பூச்சியங்களை நீக்கி 457 ஆக்கிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றாவிட்டால் பல பிள்ளைகள் முதல் நாளே வாசலில் நிற்க நேரிடும்.

மூன்றாவது, இடமாற்றம். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் ஒரே ஒருவரின் நினைவில் இருந்தால் அவர் மாற்றலாகும் நாளில் தளமும் பூட்டப்படும்.

நான்காவது, நெரிசல். எல்லா வகுப்புகளுக்கும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் பயிற்சி என்று அறிவித்தால் சிறிய வழங்கி தாங்காது. தரம் வாரியாக நாட்களைப் பிரித்துவிட்டால் அதே வழங்கி போதுமானது. இதற்குச் செலவில்லை, திட்டமிடல் மட்டும் போதும்.

‘இலவசம்’ எங்கே முடிகிறது?

கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று அறிவிக்கப்பட்ட தளத்துக்குள் போயும் தங்கள் ரீலோட் கரைந்தது ஏன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. விலக்கு அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டுமே பொருந்தும். பாடத்துக்குள் ஆசிரியர் ஒரு யூரியூப் இணைப்பை வைத்திருந்தால் அதை அழுத்திய கணத்திலிருந்து சாதாரணக் கட்டணம் ஓடத் தொடங்கும். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு பல நூறு எம்பி டேட்டாவை எடுத்துவிடும். அதே பாடத்தின் குறிப்பு ஒரு சில எம்பிக்குள் அடங்கும். மூடில் செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி இணைப்பில்லாமலும் படிக்கலாம். சமிக்ஞைக்காகக் குன்றேற வேண்டிய மலையகத் தோட்டப் பிள்ளைக்கு இந்த ஒரு வசதி எவ்வளவு பெரியது! ஆனால், அதை யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். கைபேசித் திரையில் அந்தப் பொத்தான் தானாகப் பேசாது.

வட்ஸ்அப் ஏன் வென்றது?

கடைசியில் எல்லோரும் வட்ஸ்அப்புக்கே போனதற்கு ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. அம்மாவின் கைபேசியில் ஏற்கனவே இருக்கிறது. எழுத வராதவர் குரலில் பேசி அனுப்பலாம். உதவி தேவைப்படாத கருவி, உதவி கிடைக்காத இடத்தில் வெல்வது இயல்பு.

அதன் விலையையும் சொல்ல வேண்டும். கைபேசியின் நினைவகம் நிரம்பினால் பாடங்கள் அழிக்கப்படும். அடுத்த ஆண்டு ஆசிரியர் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும். இருநூறு செய்திகளுக்குள் யார் ஒரு மாதமாக எதையும் திறக்கவில்லை என்பது தெரியாது. கற்றல் தளமொன்றின் மிகப் பெரிய பயனே இந்த இடத்தில்தான் இருக்கிறது. இறுதியாக உள்நுழைந்த திகதியைப் பார்த்து விலகிப்போகும் பிள்ளையை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். வகுப்புக் குழுவில் பிள்ளைகளின் பெயர், இலக்கம், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போடும் வழக்கமும் உண்டு. அதன் ஆபத்தைத் தனியாக விளக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இது தொடரக்கூடாது.

பெரிய பணம் இல்லாமலே செய்யக்கூடியவை

முதலாவதாக, தளத்துக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு நேரசூசியில் பாடவேளைகள் ஒதுக்கப்பட வேண்டும். முதல் மூன்று வாரங்களுக்காவது நாளுக்கு ஒரு பாடவேளை தேவை. ‘கணினி தெரிந்தவர்தானே, செய்துவிடுவார்’ என்பது ஏற்பாடல்ல, சுரண்டல்.

இரண்டாவதாக, கடவுச்சொல்லை மீட்டமைக்கும் அதிகாரம் ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் தம் வகுப்பளவில் வழங்கப்பட வேண்டும். பிள்ளையின் முகம் தெரிந்தவர் அவர்தான். நிர்வாகிக் கணக்கு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் அதிபரின் அலுமாரியிலும் வைக்கலாம்.

மூன்றாவதாக, முதல் வாரத்தில் பாடம் வேண்டாம். பாடசாலைக் கணினி அறையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவை உள்நுழைந்து, ‘வந்துவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறட்டும். அந்த வரியை எழுதாதவர்களின் பட்டியல்தான் இரண்டாம் வார வேலை.

நான்காவதாக, பெற்றோருக்கு மின்னஞ்சல் முகவரி அல்ல, அழைக்கக்கூடிய ஓர் இலக்கமும் நேரமும் வேண்டும். மாலை நான்கு முதல் ஆறு வரை என்று வரையறுத்தால் ஆசிரியரின் இரவும் காப்பாற்றப்படும். வந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் ஒரே சில கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரியும். அவற்றுக்கான விடையை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாவதாக, வலயக் கல்வி அலுவலகங்களும் கணினி வள நிலையங்களும் இந்த வாரங்களில் பாடசாலைகளுக்கு அழைப்பு மையமாக இயங்கலாம். சிறிய பாடசாலைகளில் தகவல் தொழினுட்ப ஆசிரியரே இல்லாதபோது இதுவே ஒரே வழி.

இதெல்லாம் பெருந்தொற்றோடு முடிந்த கதை என்று நினைப்பவர்கள் உண்டு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மூடியது. அடுத்த தடவை மூடப்படும் நாளில் கடவுச்சொல் தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும். அமைதியான ஆண்டின் முதல் வாரத்தில் செய்து வைத்த வேலைதான் அன்று கைகொடுக்கும்.

அக்காவின் மகள் இப்போது தன் கடவுச்சொல்லைக் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். பாதுகாப்பு நிபுணர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால், மறந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையை அவளுக்குக் கொடுக்காத நாம், அந்தக் கடைசிப் பக்கத்தைக் குறைசொல்ல முடியாது.