இலவசமா, சுதந்திரமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை நடத்தும் வர்த்தகர் ஒருவரிடம் சென்று, "ஐயா, இக்கணக்கு மென்பொருளுக்கு விலையில்லை, இது யாவர்க்கும் உரிய பொதுச்சொத்து" என்று கூறிப் பாருங்கள். அவர் மகிழமாட்டார், ஐயுறுவார். "பழுதானால் யாரைப் பிடிப்பது?" என்பதே அவரது முதற் கேள்வியாயிருக்கும். அதில் நியாயமும் உண்டு. கணக்குத் தவறினால் வரித் திணைக்களத்துக்குப் பதிலிறுக்க வேண்டியவர் அவரன்றோ!

மூலநிரல் என்பது பலகாரத்தின் செய்முறைக் குறிப்பைப் போன்றது. பலகாரம் விற்பார் பலர். குறிப்பைத் தருவார் சிலர். அதனைப் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை வேண்டுமென்று 1983இல் இயக்கம் தொடங்கிய அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன், அதனை ஓர் அறமாகவே போதித்தார். ஆங்கிலத்திலோ சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல். வர்த்தக உலகம் மிரண்டது. ஆகவே வேறு சிலர் 1998இல் 'திறந்த மூலம்' என்னும் புதுப்பெயர் சூட்டி, அறத்தை ஒதுக்கிப் பயனைப் பேசலாயினர். ஸ்டால்மன் இப்பெயரை ஏற்றிலர்.

நமது ஊரில் இன்னுமொரு சிக்கல். சொற்ப விலைக்குக் கள்ளப் பிரதி இறுவட்டு கிடைத்த காலத்தில், 'இலவசம்' என்ற வாதம் எடுபடவில்லை. மென்பொருளுக்கும் காப்புரிமை அளிக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை அறிந்த கடைக்காரர் எத்தனை பேர்?

பிரசாரம் சாதியாததைச் செயல் சாதித்ததைக் கொழும்பே கண்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் தாக்கியபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதியவும் இங்குள்ள கணினி இளைஞர்கள் சில நாள்களிலே 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணைநின்றது. ஸ்டால்மன் நிறுவிய அறக்கட்டளையே 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசை அதற்கு அளித்தது.

2005இல் சஞ்ஜீவ வீரவரணவும் நண்பர்களும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினர். மூலநிரலைத் திறந்தே வைத்து, பராமரிப்புக்குச் சந்தா வாங்கினர். அமெரிக்காவின் ஈபே நிறுவனமும் அதன் வாடிக்கையாளராயிற்று. கொள்கைப் பற்றினால் அன்று. அழைத்தால் பதில் சொல்ல ஆள் இருந்தமையாலேயே எனக் கருதுகிறோம். எனினும், வர்த்தகர் வெறுத்த அப்பிடிவாதம் முன்னர் இல்லாதிருந்தால், பராமரிக்கத் திறந்த மூலநிரல் ஏது? 2024இல் சுவீடனின் ஈ.கியூ.ரி. நிறுவனம் அறுபது கோடி டொலருக்கு மேல் கொடுத்து இதனை வாங்க உடன்பட்டது.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் கேட்பது அத்துணை பெரிதன்று. பழுதென்றால் அன்று மாலைக்குள் வந்து பார்க்க ஒரு பிள்ளை வேண்டும். அதற்குரிய கூலியைக் கொடுக்க அவர் தயங்கார்.